கேட்டவரும் சொன்னவரும்: ஜேனட் மால்கமின் ஒரு நூலை முன்வைத்து

என் மகள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நியூ ஜெர்சியில் எங்கள் வட்டத்தில் இதைச் சொன்னால் ஒரு சின்ன மௌனம் விழும். பிறகு யாராவது ஒருவர், "கூடவே டேட்டா சயின்ஸ் மைனர் எடுக்கச் சொல்லுங்க" என்பார். நானும் அதைத்தான் சொன்னேன். அவள் எடுக்கவில்லை. சென்ற குளிர்கால விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாள். ஜேனட் மால்கம் எழுதிய 'தி ஜர்னலிஸ்ட் அண்ட் தி மர்டரர்'. பத்திரிகையாளரும் கொலைகாரரும். அவளுடைய பாடத்திட்டத்தில் ஒன்பதாவது வாரம், 'அறம்' என்ற தலைப்பின் கீழ் அது இருந்தது. ஒரு வாரம், ஒரு புத்தகம், இரண்டு பக்கக் கட்டுரை.

நான் கணினித் துறை ஆலோசகன். இங்கே வந்து முதுகலை படித்து, இருபது ஆண்டுகளாக அலுவலகம் அலுவலகமாகப் போய் வருபவன். எனக்குச் சம்பந்தமில்லாத தொழிலைப் பற்றிய நூல் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். இருபது பக்கம் தாண்டுவதற்குள் இது என்னையும் பற்றியது என்று தெரிந்துவிட்டது. ஆகவே இதை நடுநிலையான விமர்சனமாக வாசிக்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவனாக இருந்து எழுதுகிறேன்.

நூலின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970 பிப்ரவரியில் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவக் குடியிருப்பில் ஒரு கர்ப்பிணியும் அவளுடைய இரண்டு சிறு மகள்களும் கொல்லப்பட்டார்கள். கணவர் ஜெஃப்ரி மக்டொனால்ட் ராணுவ மருத்துவர். வெளியாட்கள் புகுந்து செய்தார்கள் என்றார். ராணுவ விசாரணையில் தப்பியவர், 1979இல் குடிமை நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அந்த வழக்கு நடந்தபோது ஜோ மெக்கினிஸ் என்ற எழுத்தாளர் மக்டொனால்டின் வழக்கறிஞர் குழுவோடேயே தங்கினார். அவர்களோடு சாப்பிட்டார், ஓடினார், விளையாட்டுப் போட்டிகள் பார்த்தார். புத்தக வருமானத்தில் மக்டொனால்டுக்கும் ஒரு பங்கு என்று ஒப்பந்தம். தீர்ப்புக்குப் பிறகும் சிறைக்குக் கடிதம் எழுதினார். அநியாயம் நடந்துவிட்டதே என்று நண்பன் புலம்பும் தொனியில் அமைந்த கடிதங்கள் அவை. 1983இல் 'ஃபேட்டல் விஷன்' வெளிவந்தது. மக்டொனால்ட் மனச்சாட்சியற்ற கொலையாளி என்பதே அந்த நூலின் முடிவு. '60 மினிட்ஸ்' நிகழ்ச்சிக்காகச் சிறைக்கு வந்த மைக் வாலஸ் சில பகுதிகளைக் கேமரா முன் படித்துக் காட்டியபோதுதான் நண்பன் என்ன எழுதியிருக்கிறான் என்று மக்டொனால்டுக்குத் தெரிந்தது.

அவர் வழக்குப் போட்டார். குற்றச்சாட்டு அவதூறு அல்ல, ஏமாற்று. 1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த விசாரணையில் ஆறு ஜூரிகளில் ஐந்து பேர் கொலைக் குற்றவாளியின் பக்கம் சாய்ந்தார்கள். ஒருமித்த முடிவு எட்டப்படாததால் வழக்கு முறிந்தது. பிறகு 3,25,000 டாலருக்குச் சமரசம் ஆனது. மூன்று பேரைக் கொன்றவன் என்று நாடே நம்பும் ஒரு மனிதனைவிட, அவனுக்குப் பரிவான கடிதம் எழுதியவர் மோசமானவராக ஐந்து சாதாரண மனிதர்களுக்கு ஏன் பட்டார்? மால்கமின் நூல் இந்தக் கேள்வியிலிருந்து புறப்படுகிறது. 1989 மார்ச்சில் நியூ யார்க்கரில் இரண்டு பகுதிகளாக வந்து, 1990இல் நூலானது.

மால்கமின் வாதம் எளிமையானது, கொடூரமானது. மெக்கினிஸ் விதிவிலக்கு அல்ல. அவர் செய்தது எல்லாப் பத்திரிகையாளர்களும் செய்வதன் பெரிதாக்கப்பட்ட வடிவம். ஒருவர் தன்னைப் பற்றிப் பேசும்போது, எதிரில் இருப்பவர் தன் கதையைக் கேட்கிறார் என்று நம்புகிறார். எதிரில் இருப்பவரோ தன்னுடைய கதைக்கான பொருளைச் சேகரித்துக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு கதைகளும் ஒன்றல்ல என்பது அச்சாகி வரும் அன்றைக்குத்தான் சொன்னவருக்குத் தெரியும். நூலின் தொடக்க வாக்கியம் இதை ஓர் அறையைப் போல இறக்குகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அமெரிக்க இதழியல் துறைகள் இந்த நூலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் நூலின் உண்மையான பலம் அந்த வாக்கியத்தில் இல்லை. மக்டொனால்ட் சலிப்பூட்டும் பேச்சுக்காரர் என்பதை மால்கம் கண்டுபிடிக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த மனிதரின் பேச்சில் நிழலும் இல்லை, ஆழமும் இல்லை. வழவழப்பான, தேய்ந்த வார்த்தைகள். இப்படிப்பட்ட ஒருவரை வைத்து எந்த எழுத்தாளரால் பெரிய புத்தகம் எழுத முடியும்? ஆகவே மெக்கினிஸ் உளவியல் நூல்களிலிருந்து நோய்க்கூறுகளைக் கொண்டுவந்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார் என்று மால்கம் காட்டுகிறார். கடிதங்களில் சொன்ன பொய்யைவிட இது நுட்பமான குற்றம். கிடைத்த மனிதன் போதாததால் வேறொரு மனிதனைச் செய்துவிடுவது. என் மகளின் பேராசிரியர் தந்த விவாதக் கேள்விகளைப் பார்த்தேன். மெக்கினிஸ் பொய் சொன்னது சரியா என்பதைப் பற்றியே எல்லாக் கேள்விகளும் இருந்தன. இந்தப் பகுதியைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

இனி என் வாக்குமூலம்.

பத்து வருடங்களுக்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எனக்கு ரிக்வயர்மென்ட் எடுக்கும் வேலை. இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில் 14 பேர். அவர்கள் வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். அங்கே 26 வருடம் வேலை பார்த்த ஒரு பெண்மணி இருந்தார். கணினி ஒதுக்கித் தள்ளும் சிக்கலான கோரிக்கைகளை எல்லாம் அவர்தான் தீர்ப்பார். பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டில் விதிவிலக்குகளைக் கையால் எழுதி வைத்திருந்தார். இந்த மருத்துவமனையிலிருந்து வந்தால் இப்படிப் பார், இந்தத் தேதிக்கு முந்தையது என்றால் அப்படிப் பார். நான் மூன்று வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுக்கினி ரொட்டி சுட்டு எடுத்துவருவார். "இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை" என்றார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. புதிய மென்பொருள் வேலையை எளிதாக்கும் என்றேன், அது உண்மைதான். அந்தப் பச்சை நோட்டு முழுவதும் என் ஆவணத்தில் விதிகளாக ஏறியது. ஆவணத்தில் 'தகவல் மூலம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் பெயர் 'துறை வல்லுநர் 2'. ஐந்து மாதம் கழித்து அந்தப் பிரிவில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அவர் அந்த மூவரில் இல்லை.

அந்த அறிக்கையின் நோக்கம் எனக்குத் தெரியாது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். திட்டத்தின் செலவுக் கணக்கை நானும் பார்த்திருந்தேன். அவர் பேசியது தன் 26 வருடத்தைப் பற்றி. நான் எழுதிக்கொண்டது அவர் இல்லாமல் அந்த வேலை நடக்கும் விதத்தை. மால்கமின் நூலைப் படிக்கும்வரை இந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அதற்காக மால்கமுக்குக் கடன்பட்டிருக்கிறேன். நூலின் மீது எனக்கு உள்ள புகார்களையும் அந்தக் கடனோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் புகார், அவரே மறைத்தது. 1984 முதல் மால்கம் மீதே ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. ஃபிராய்டின் ஆவணக் காப்பகம் பற்றி அவர் எழுதிய தொடரில், தான் சொல்லாத வார்த்தைகளைத் தன் வாயில் போட்டுவிட்டார் என்று ஜெஃப்ரி மேசன் என்ற உளப்பகுப்பாய்வாளர் தொடுத்த வழக்கு. எழுத்தாளருக்கும் எழுதப்பட்டவருக்கும் இடையிலான துரோகத்தைப் பற்றி நியூ யார்க்கரில் அத்தனை பக்கம் எழுதியவர் இதைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. நூலாக வந்தபோது பின்னுரையில் மேசனைப் பற்றிப் பேசினார். மெக்கினிஸ் கதை தன் கதையின் மாறுவேடம் அல்ல என்று வாதாடினார். வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய், 1991இல் மீண்டும் விசாரணைக்குத் திரும்பி, 1994இல் ஜூரி மால்கமுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. அப்போது அவருக்காக வாதாடியவர் கேரி பாஸ்ட்விக். மக்டொனால்டுக்காக மெக்கினிஸை கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த அதே வழக்கறிஞர். நூலிலேயே மால்கம் ரசித்து வரைந்த பாத்திரம். எந்த நாவலாசிரியரும் இப்படி ஒரு திருப்பத்தை எழுதத் துணியமாட்டார்.

இரண்டாவது புகார் பெரியது. 'எல்லாப் பத்திரிகையாளரும்' என்று ஒரே வலையை வீசுகிறார். அமைச்சரிடம் கணக்குக் கேட்கும் நிருபரும், தனிமனிதரின் வாழ்க்கையைத் தோண்டும் எழுத்தாளரும் ஒரே வலையில் விழுகிறார்கள். அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி காணாமல் போகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் தலைவரை ஒருவர் பேசவைத்து, அவர் சொன்னதை அவருக்கெதிராக எழுதினால் அது துரோகம் அல்ல. பச்சை நோட்டுக்காரரிடம் அதையே செய்தால் துரோகம். மால்கமின் தராசில் இரண்டுக்கும் ஒரே எடை.

இந்த வித்தியாசம் பல்கலைக்கழகத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. மகளின் அறைத்தோழி சமூகவியல் படிக்கிறாள். ஆய்வுக்காக ஐந்து பேரைப் பேட்டி காண அவளுக்கு ஒரு குழுவின் அனுமதி, ஒப்புதல் படிவம், பெயரை மறைக்கும் ஏற்பாடு, பதிவுகளை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு திட்டம் எல்லாம் வேண்டும். அதே வளாகத்தில் என் மகளுக்கு எதுவும் வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும். இது கவனக்குறைவு அல்ல. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின் 2018 வடிவம் இதழியலை 'ஆய்வு' என்ற வரையறைக்கு வெளியே வெளிப்படையாக வைக்கிறது. வாய்மொழி வரலாறு, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றோடு இலக்கிய விமர்சனமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக, இந்தக் கட்டுரைக்கும் நான் யாரிடமும் படிவம் வாங்க வேண்டியதில்லை.

இந்த விலக்கு சரியென்றே நினைக்கிறேன். எழுதப்படுபவரின் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது என்றால், எந்த ஊழலும் எந்தப் படுகொலையும் செய்தியாகாது. சம்மதம் தர மறுக்கும் முதல் ஆள் அதிகாரத்தில் இருப்பவர்தான். ஆனால் படிவத்தை எடுத்துவிட்ட இடத்தில் பல்கலைக்கழகம் எதை வைக்கிறது? 1904இல் ஜோசஃப் புலிட்சர் நார்த் அமெரிக்கன் ரிவியூ இதழில் இதழியல் கல்லூரி ஏன் தேவை என்று நீண்ட கட்டுரை எழுதினார். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் படிப்பு உண்டென்றால் பத்திரிகையாளருக்கு ஏன் கூடாது என்பது அவர் வாதம். பிறவித் திறமை போதும், பத்திரிகை அலுவலகத்தில் கற்றுக்கொள்ளலாம் என்றவர்களுக்கு அது பதில். 1908இல் மிசௌரி பல்கலைக்கழகம் முந்திக்கொண்டது. வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் ஒரு நாளிதழை அச்சிட்டார்கள். புலிட்சர் தந்த 20 லட்சம் டாலரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பள்ளி 1912இல், அவர் இறந்த மறுவருடம், திறந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் கேட்டதில் பாதிதான் நடந்திருக்கிறது. மருத்துவருக்குப் படிப்பும் உண்டு, உரிமமும் உண்டு, தவறு செய்தால் உரிமத்தைப் பறிக்க ஓர் அவையும் உண்டு. பத்திரிகையாளருக்கு இங்கே உரிமம் கிடையாது, இருக்கவும் கூடாது. அப்படியானால் எல்லாச் சுமையும் படிப்பின் மீது விழுகிறது. அந்தச் சுமையை ஒன்பதாவது வாரத்தில், ஓர் அதிர்ச்சி வாக்கியத்தின் தலையில் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மாணவர்கள் அதைப் படித்து ஒரு வாரம் குற்ற உணர்வு கொள்கிறார்கள். பத்தாவது வாரம் முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றிய சித்திரக் கட்டுரைக்குக் கிளம்புகிறார்கள்.

மால்கமோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நூல் ஒன்று அவளுடைய பட்டியலிலேயே இருந்தது, மூன்றாவது வாரத்தில். ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூ யார்க்கர் இதழ் முழுவதையும் அந்த ஒரு கட்டுரை நிறைத்தது. குண்டுக்குப் பிழைத்த ஆறு பேரின் கதை. 1999இல் நியூ யார்க் பல்கலைக்கழக இதழியல் துறை இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இதழியலின் சிறந்த நூறு படைப்புகளைத் தெரிந்தெடுத்தபோது முதல் இடம் அதற்குத்தான். அதன் அடங்கிய குரலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி அத்தியாயம். அது 1946இல் இல்லை. ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து ஹெர்சி திரும்பிப் போய் அந்த ஆறு பேருக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று எழுதி 1985இல் சேர்த்தது. தையல்காரரின் விதவையான திருமதி நகமுரா நோயோடும் வறுமையோடும் எப்படி வருடங்களை ஓட்டினார். ஜெர்மானியப் பாதிரியார் எப்படி ஜப்பானியக் குடிமகனாகி அங்கேயே இறந்தார். போதகர் தனிமோட்டோவை 1955இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி மேடையேற்றி, குண்டு போட்ட விமானத்தின் துணை விமானியோடு கைகுலுக்க வைத்தது எப்படி. எழுதப்பட்ட மனிதர்கள் எழுத்துக்குப் பிறகும் வாழ்கிறார்கள் என்பதை அந்த அத்தியாயம் ஆறு முறை சொல்கிறது. மால்கமின் உலகில் எழுதப்பட்டவர் புத்தகம் வந்த நாளில் உறைந்துபோகிறார். அதற்குப் பிறகு அவருக்கு வழக்கு மட்டுமே மிச்சம்.

மகளுடைய சித்திரக் கட்டுரைக்கு அவள் தேர்ந்தெடுத்தது என் அம்மாவை. முன்பின் தெரியாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை வீடியோவில் பார்த்த ஆச்சி தனக்குத் தெரியாதவர்தான் என்று பேராசிரியரிடம் வாதாடி அனுமதி வாங்கிவிட்டாள். அம்மா ஆறு மாத விசாவில் எங்களோடு இருந்தார். இருவரும் நான்கு மாலைகள் பேசினார்கள். எனக்குத் தெரியாத ஒன்று மூன்றாவது மாலை வெளியே வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வந்த கடிதத்தை என் பெரிய மாமா பீரோவுக்குள் ஒளித்து வைத்துவிட்டார். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் அது அம்மா கையில் சிக்கியது.

மகள் கட்டுரையை எழுதி முடித்ததும், வகுப்பில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். அச்சுக்கு முன் எழுதியதை எழுதப்பட்டவருக்குக் காட்டக் கூடாது என்பது பொதுவாக இந்தத் தொழிலில் சொல்லித் தரப்படும் வழக்கம். உண்மைகளைச் சரிபார்க்கலாம், பிரதியைத் தரக் கூடாது. அவள் உட்கார்ந்து முழுவதையும் தன் தடுமாறும் தமிழில் ஆச்சிக்குச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். கடிதக் கட்டம் வந்ததும், "பெரிய மாமா பேரை எடுத்திரு. அவர் இப்ப இல்ல. மதினி இருக்காங்க" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேரு இருக்கட்டும். நடந்ததுதான" என்றார். பிறகு பேத்தியிடம், "ஏட்டி, அந்தக் காயிதத்தப் பத்திச் சொல்லும்போது நான் சிரிச்சேன்னு எழுதிருக்கியே. நான் எங்க சிரிச்சேன்?" என்று கேட்டார்.

அந்த மாலை நான் அடுத்த அறையில் இருந்தேன். எனக்கும் அது சிரிப்பாகத்தான் கேட்டது.

மகள் பதிவை மறுபடி ஓடவிட்டாள். மூன்று பேரும் கேட்டோம். ஒரு சத்தம், சின்னது, மூக்கால் விட்ட மூச்சு போல. சிரிப்பு என்றும் சொல்லலாம். அம்மா இல்லை என்றார். மகள் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த வார்த்தையை எடுத்தாள். அவர் சற்று நிறுத்தினார் என்று மட்டும் எழுதினாள். ஓசையை எப்படிச் சொல்வது என்று தனக்குத் தெரியவில்லை என்றாள்.

மெக்கினிஸ் மக்டொனால்டின் வெற்றிடத்தை நிரப்பியதும் இப்படி ஓர் இடத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுவதால் பெரும்பாலும் யாரும் துரோகம் செய்யப்பட்டதாக உணர்வதில்லை. நடந்ததற்கு நாம் போட்ட முகபாவம்தான் அவர்களுக்குப் பொறுக்காது. இதைப் பற்றித்தான் மால்கமின் நூல் மிகக் கூர்மையாகப் பேசுகிறது. வகுப்பறையில் சத்தமாகக் கேட்பதோ தொடக்க வாக்கியம் மட்டும். அந்த நூலை முதல் வாரத்துக்குக் கொண்டுவந்து, ஹெர்சியின் கடைசி அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்து, செமஸ்டர் முழுவதும் மேசையிலேயே விட்டுவைத்தால் நன்றாயிருக்கும். எங்கள் தொழிலுக்கும் அது பாடநூலாகலாம்.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். கட்டுரைக்கு மகளுக்கு பி பிளஸ் வந்தது. பிரதியை முன்கூட்டியே காட்டியதை அவளே குறிப்பில் சொல்லியிருந்தாள். அதற்காகக் குறைத்தார்கள் போலிருக்கிறது. நான் அந்த வார இறுதியில் பழைய மடிக்கணினியைத் திறந்து அந்தக் காப்பீட்டு ஆவணத்தின் என் குறிப்புகளைத் தேடினேன். இருந்தன. 112 விதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'துறை வல்லுநர் 2'. நோட்டின் நிறம் நினைவிருக்கிறது, ரொட்டியின் ருசி நினைவிருக்கிறது. அவருடைய முழுப் பெயர் என் குறிப்புகளில் எங்கேயும் இல்லை.